குரலும் குற்றமும்: ‘ஹரிதாஸ்’ கால ரசனையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கலைஞர்மீது குற்றச்சாட்டு எழும்போது அவருடைய இசையைத் தொடர்ந்து கேட்கலாமா என்னும் கேள்வி இன்றைய ரசிகரிடையே அடிக்கடி எழுகிறது. இக்கேள்வி தமிழ்ச்சூழலுக்குப் புதியதன்று. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அதன் நாயகப் பாடகர் எம்.கே.தியாகராஜ பாகவதரும் நகைச்சுவைக் கலைஞர் என்.எஸ்.கிருஷ்ணனும் கொலை வழக்கில் கைதாயினர். அக்காலத்து ரசிகர் நடந்துகொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடலையும் பாடியவரையும் பிரித்துக் காணும் அக மரபு, இரண்டையும் இணைத்துக் காணும் பக்தி மரபு ஆகியவற்றின் துணைகொண்டு அந்நடத்தை விளக்கப்படுகிறது. கேட்டல், பகிர்தல், போற்றுதல் என்னும் மூன்று செயல்களையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இசை ரசனை, தியாகராஜ பாகவதர், கானல்வரி, கூற்று, பக்தி மரபு, ஆசிரியர் இலக்கணம், ரசிகர் அறம்.

முன்னுரை

தாம் கேட்டு மகிழ்ந்த பாடலைப் பிறருக்கு எடுத்துச்சொல்வது ரசிகர் இயல்பு. இசைத்தட்டுக் காலத்தில் அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்கச் செய்தவரும், இன்று கைப்பேசி வழியே பாடலின் இணைப்பை அனுப்புபவரும் இவ்வகையில் ஒரே செயலையே செய்கின்றனர். இப்பகிர்வுடன் மற்றொன்றும் சேர்ந்தே நிகழ்கிறது. பாடியவர் எத்தகையவர் என்ற பேச்சு அது. குரலைப் பற்றிய பேச்சு குணத்தைப் பற்றிய பேச்சாக மாறுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

இப்பொருளில் இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. கலை வேறு, கலைஞர் வேறு; எனவே பாடியவரின் செயல் பாடலைத் தொடாது என்பது ஒன்று. தீயவர் பாடலைக் கேட்பதே அத்தீமைக்குத் துணைபோவதாகும் என்பது மற்றொன்று. மேலைத் திறனாய்வில் ஆசிரியனின் நோக்கத்தைப் பனுவலின் பொருளாகக் கொள்வது பிழை என விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் வாதிட்டனர். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் இறப்பை அறிவித்தார். இவை பொருள்கோள் பற்றிய கருத்துகள். ஒரு பாடலின் பொருளை அறியப் பாடியவரின் வாழ்க்கை வேண்டாம் என்பதிலிருந்து, அவருக்கு மேடையும் விருதும் அளிப்பதில் அவருடைய செயலைக் கருதவே வேண்டாம் என்பது பெறப்படாது. பொருள்கோளுக்கும் அறத்துக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டைக் கருதாமையே மேற்கண்ட இரு விடைகளின் குறையாகும். இதனைத் தமிழ் இசை வரலாற்றின் ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

1. மூன்று தீபாவளிகளும் ஒரு வழக்கும்

சுந்தர்ராவ் நட்கர்ணியின் இயக்கத்தில், பாபநாசம் சிவன் பாடல்களுடனும் ஜி.ராமநாதன் இசையமைப்புடனும் ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. பெற்றோரைப் புறக்கணித்துக் கணிகையின் மயக்கத்தில் செல்வத்தை இழந்த ஒருவன், தண்டனையுற்று, மனந்திருந்திப் பெற்றோர் பணியே பெரும்பணி எனக் கொண்டு இறையருள் பெறுவதே கதை. பாகவதர் நாயகனாகவும், டி.ஆர்.ராஜகுமாரி கணிகையாகவும், கருநாடக இசைக் கலைஞர் என்.சி.வசந்தகோகிலம் மனைவியாகவும் நடித்தனர். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நகைச்சுவைப் பகுதியில் இடம்பெற்றனர்.

படம் வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 1944 நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் அவர் இறந்தார். திரைக்கலைஞர்களின் தனிவாழ்வைப் பற்றிய செய்திகளை வெளியிட்டு விற்பனை கண்ட ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களை நடத்தியவர் அவர். பாகவதரும் கிருஷ்ணனும் 1944 டிசம்பரில் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு சென்ற பின் வழக்கு மீண்டும் உயர் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

இக்காலத்தின் பெரும்பகுதியில் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடியது. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளை அப்படம் அங்குக் கண்டது. கைது, தண்டனை, மேல்முறையீட்டுத் தோல்வி ஆகிய எதுவும் ரசிகரின் வருகையை நிறுத்தவில்லை. நீதிமன்றத்தால் கொலைக்குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட ஒருவரின் பக்திப் பாடல்களை மக்கள் பணம் கொடுத்துக் கேட்டனர். ஆனால் அதே நீதித்துறை அவரை விடுவித்தபின் நிலைமை மாறியது. ‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952), ‘சியாமளா’ (1952), ‘புதுவாழ்வு’ (1957) ஆகிய படங்களில் எதுவும் பழைய வெற்றியை ஈட்டவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் பாகவதர் மறைந்தார். தண்டனைக் காலத்தில் கேட்கப்பட்டவர், விடுதலைக்குப் பின் அந்த அளவில் கேட்கப்படவில்லை.

இம்முரணுக்கு வழக்கை மட்டும் காரணமாகக் காட்ட இயலாது. 1947க்குப் பின் தமிழ்த் திரைப்படத்தின் இயல்பே மாறத் தொடங்கியிருந்தது. ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) ஆகியவை பாடலிடமிருந்து உரையாடலுக்கும், புராணத்திடமிருந்து சமூகத்துக்கும் திரையின் மையத்தை நகர்த்தின. பின்னணிப் பாடும் முறை வேரூன்றியதால், நடிப்பவரே பாட வேண்டும் என்ற தேவையும் குறைந்தது. இம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் ரசிகரின் அறத்தீர்ப்பே பாகவதரை வீழ்த்தியது எனக் கூறுவது வரலாற்றுப் பிழையாகும்.

ஆயினும் ஓர் ஒப்பீடு கருதத்தக்கது. அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே தீர்ப்பால் விடுதலையான என்.எஸ்.கிருஷ்ணன் மீண்டும் வெற்றியுடன் இயங்கினார். டி.ஏ.மதுரத்தின் முயற்சியில் உருவான ‘பைத்தியக்காரன்’ 1947இல் வெளிவந்தது. ‘நல்லதம்பி’ (1949), கிருஷ்ணனே இயக்கிய ‘மணமகள்’ (1951) முதலியன தொடர்ந்தன. புதிய சமூகப் படங்களின் அலை கிருஷ்ணனின் கலைக்கு இசைவாக இருந்தது உண்மை. ஆனால் அது மட்டுமே முழு விடையாகாது. இவ்விருவரின் குரல்களையும் ரசிகர் இருவேறு முறைகளில் கேட்டனர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அம்முறைகளின் வேர் தமிழ் இலக்கிய மரபில் உள்ளது.

2. கூற்றும் வாழ்வும்: இரு மரபுகள்

அகப்பாடலில் பேசும் குரலுக்குத் தமிழ் மரபு ‘கூற்று’ எனப் பெயரிட்டது. தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று எனப் பாடல் பகுக்கப்படுகிறது. பாடிய புலவர் பெயர் அதற்கு வெளியே நிற்கிறது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பரத்தையிற் பிரிந்த தலைவனைப் பாடிய புலவரைப் பரத்தமை உடையவர் என எவரும் கருதுவதில்லை. இம்மரபில் பாடல், பாடியவருக்கு எதிரான சாட்சியமும் ஆகாது. அவருக்கு ஆதரவான சான்றிதழும் ஆகாது.

இவ்விதியை மறந்தவனுக்கு நேர்வதைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி காட்டுகிறது. புகாரின் கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். அவள் யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்பு உடையவள்போலப் பாடுகிறாள். அவள் பாடியது பாவனையே என்பதை ‘போல்’ என்னும் உவம உருபால் இளங்கோவடிகள் வாசகருக்கு உணர்த்திவிடுகிறார். கோவலனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் பாடலை வாக்குமூலமாகக் கொண்டு பிரிகிறான். பின்னர் வேனிற்காதையில் மாதவியின் மடலையும் மறுக்கிறான். அவள் ஆடல் மகள் ஆதலால் அவளுடைய அன்பும் நடிப்பே என்பது அவன் வாதம். ஊழ்வினையைக் காவியம் காரணமாகக் காட்டினும், நிகழ்ச்சியளவில் இது ஒரு கேட்போனின் பிழை. அவன் முதலில் பாடலிலிருந்து பாடியவளின் நடத்தையை ஊகித்தான். அடுத்து, பாடியவளின் பிறப்பிலிருந்து அவளது உண்மையின்மையை ஊகித்தான். கலைஞரின் ஒழுக்கத்தை எடைபோடும் பேச்சில் இவ்விரு ஊகங்களும் இன்றும் தொடர்கின்றன.

பக்தி மரபு வேறு வகையானது. தேவாரத்தைப் பாடியவரின் வாழ்வோடு சேர்த்தே மக்கள் அறிந்தனர். பெரியபுராணம் அப்பிணைப்பை நிலைநிறுத்தியது. இம்மரபில் பாடல் பாடியவரின் வாழ்விலிருந்து எழுந்ததாகவே கேட்கப்படுகிறது. எனினும் பாடியவர் பிழையற்றவராக இருக்க வேண்டும் என்று இம்மரபு கோரவில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு அளித்த வாக்கை மீறிச் சுந்தரர் கண்பார்வை இழந்ததைப் பெரியபுராணம் மறைக்காமல் பதிவுசெய்கிறது. இழந்த பார்வையை அவர் பாடியே மீண்டும் பெறுகிறார். பிழை, தண்டனை, உணர்தல், பாடல், மீட்சி என்னும் வரிசை இங்கு உருவாகிறது. பாவத்தை மறைக்காமல் பாடலுக்குள் கொண்டுவருவதே மன்னிப்பின் வழி என இம்மரபு கொள்கிறது.

‘திருநீலகண்டர்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ எனத் தொடரும் பாகவதரின் படங்கள் இப்பக்தி வரிசையில் அமைந்தவை. அவரது குரலைக் கேட்டவர் ஒரு கதைமாந்தரின் கூற்றை மட்டும் கேட்கவில்லை. அடியாரின் குரலாகவும் கேட்டனர். காமத்தின் வலிமையை வியந்து பாடும் ‘ஹரிதாஸ்’ படத்தின் புகழ்பெற்ற பாடலும், அன்னை தந்தையரைப் போற்றும் பாடலும் ஒரே குரலில், ஒரே மனிதனின் இரு நிலைகளாக ஒலிக்கின்றன. பாடியவர் சிறையிலிருக்க, தவறிழைத்துத் தண்டனையுற்றுத் திருந்துபவனின் கதையைத் திரையில் கண்ட ரசிகர் அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கக்கூடும். படத்தின் கதையே அவர்களுக்கு ஒரு மன்னிப்பு முறையை அளித்தது எனலாம். விடுதலைக்குப் பின் அம்முறை பொருந்தவில்லை. குற்றமற்றவர் எதற்காக வருந்திப் பாட வேண்டும்? அதேவேளையில், அடியாரின் உருவைச் சூழ்ந்த ஐயத்தைத் தீர்ப்பு ஒன்றே முற்றிலும் துடைத்துவிடவும் இல்லை.

கிருஷ்ணனின் நகைச்சுவையோ கூற்று மரபுக்கு நெருக்கமானது. மேடையில் ஒரு வேடத்தைப் புனைந்து உலகியலை எள்ளும் கலைஞரிடம் அடியாரின் தூய்மையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவரது பேச்சும் பாட்டும் வேடத்துக்குரியவை. வழக்கு அவருடைய உடலைச் சிறைப்படுத்தியது; அவருடைய கலைக்கும் கேட்போருக்கும் இடையிலான உடன்பாட்டை அது குலைக்கவில்லை. ஆகவே ரசிகரின் அறத்தீர்ப்பு கலைஞரின் செயலை மட்டும் பொறுத்ததன்று. எந்த மரபின் செவியால் அக்குரல் கேட்கப்பட்டது என்பதையும் பொறுத்தது.

3. வதந்தியும் சாட்சியமும்

அக்காலத்து ரசிகருக்குக் கலைஞர்களின் நடத்தையை அளக்கக் கிடைத்த பொருள் என்ன என்பது அடுத்த வினா. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ வகை இதழ்கள் தனிவாழ்வுச் செய்திகளைச் சரக்காக்கின. அச்செய்தியால் பாதிக்கப்பட்டோர் அதில் பேசவில்லை. மூன்றாம் மனிதர் விலை வைத்துப் பேசினார். குற்றம் எது, விருப்பத்துடன் நிகழ்ந்த உறவு எது, வெறும் கட்டுக்கதை எது என்ற பாகுபாடு அவற்றில் இல்லை. பெண் கலைஞர்களின் ‘ஒழுக்கம்’ இத்தகைய எழுத்தின் எளிய இலக்கு.

இவ்விடத்தில் தமிழ் இசையுலகம் தன் அளவுகோலின் வரலாற்றை நேர்மையுடன் நோக்க வேண்டும். கலைஞரின் ஒழுக்கம் என்ற சொல் நெடுங்காலம் தீங்கிழைத்தோரைத் தடுக்கப் பயன்படவில்லை. கணிகையர் மரபில் வந்த பெண்களை அரங்கிலிருந்து விலக்கவே அது பயன்பட்டது. திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் செல்வத்தால் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அங்கு நிகழ்ந்த ஆராதனையில் பெண்கள் பாடும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. கோவலனின் இரண்டாவது ஊகம், அதாவது பிறப்பைக் கொண்டு நடத்தையைத் தீர்மானித்தல், நிறுவன வழக்கமாகவே இருந்தது. எனவே கலைஞரின் நடத்தையைக் கருத வேண்டும் என வாதிடுவோர், எந்த நடத்தையை, யார் அளவுகோலால் என்னும் வினாக்களைத் தவிர்க்க முடியாது. தன் விருப்பப்படி வாழ்ந்த பெண்ணின் வாழ்க்கையும், தன் அதிகாரத்தைக் கொண்டு மாணவியைத் துன்புறுத்தியவரின் செயலும் ‘ஒழுக்கக்கேடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கப்படுமாயின் அச்சொல் ஆய்வுக்கு உதவாது. பிறருக்கு இழைத்த தீங்கு என்பதே இங்கு ஏற்கத்தக்க அளவை.

அவ்வளவையை ஏற்றால் வதந்திக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். 2018இல் கருநாடக இசைத்துறையைச் சேர்ந்த பெண்கள் பலர் தாம் உற்ற பாலியல் துன்புறுத்தல்களைப் பொதுவெளியில் கூறினர். அவ்வாண்டு டிசம்பர் விழாவிலிருந்து சென்னை மியூசிக் அகாதெமி ஏழு கலைஞர்களை நீக்கியது. இது 1944இன் மஞ்சள் இதழ்ப் பேச்சுக்கு ஒப்பானது எனச் சிலர் வாதிட்டனர். அவ்வொப்புமை மேலோட்டமானது. முன்னதில் பிறர் வாழ்வை மூன்றாமவர் விற்றார். பின்னதில் தீங்குற்றோர் தாமே பேசினர். அவர்களது கூற்று விசாரணையின்றியே தீர்ப்பாகிவிடாது என்பது உண்மை. ஆயினும் அதனை விசாரணைக்குரிய சாட்சியமாக ஏற்பதற்கும் வதந்தி எனத் தள்ளுவதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு.

நீதிமன்றத் தீர்ப்பே இறுதி அளவுகோல் எனக் கொள்வதும் போதுமானதன்று. அமெரிக்கப் பாடகர் ஆர்.கெல்லி 2008இல் சிகாகோ நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். அவ்வழக்கில் தீங்குற்றவராகக் கருதப்பட்ட பெண் அன்று சாட்சியம் அளிக்கவில்லை. 2021இல் நியூயார்க் நீதிமன்றம் வேறு குற்றங்களில் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. 2022இல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2008இல் பேசாத பெண்ணும் 2022இல் சிகாகோவில் நடந்த மற்றொரு வழக்கில் சாட்சியம் அளித்தார். பாகவதர் வழக்கில் சாட்சியங்கள் நம்பத்தகாதவை எனக் கண்டு நீதிமன்றம் விடுவித்தது. அங்கு ரசிகரின் ஐயத்துக்கு அடிப்படை இல்லை. கெல்லி வழக்கிலோ சாட்சியம் பேச இயலாத சூழலில் விடுதலை நிகழ்ந்தது. இரண்டையும் ‘விடுதலை’ என்ற ஒரே சொல் குறிப்பினும் கேட்போரின் கடமை இரண்டிலும் ஒன்றன்று. சாட்சியம் பேசியதா, பேச முடிந்ததா என்பதை அறிவதே எடைபோடுதலின் முதற்படி.

4. அரங்கின் தகுதியும் ஆசிரியரின் தகுதியும்

கலைஞரின் தகுதியைத் தமிழ் நூல்கள் எவ்வாறு வகுத்தன என்பது இவ்வாய்வுக்குத் துணைபுரியும். சிலப்பதிகார அரங்கேற்றுகாதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதிகளை விரிவாகக் கூறுகிறது. அவை பெரிதும் கலையறிவும் பயிற்சியும் சார்ந்தவை. இல்லற ஒழுக்கம் அங்கு அளவுகோலாகவில்லை. அரங்கில் நிற்பவருக்கு வேண்டியது தொழில்திறம் என்பதே அப்பகுதியின் நோக்கு.

நன்னூல் பொதுப்பாயிரமோ நல்லாசிரியனின் இலக்கணமாகக் கல்வித்தெளிவுடன் அருளையும் உயர்குணத்தையும் வேண்டுகிறது. நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு துலாக்கோலையும் ஆசிரியனுக்கு உவமையாக்குகிறது. ஆசிரியர் ஆகாதார் இவர் என அவா, வஞ்சம் முதலிய குணமுடையோரை விலக்கவும் செய்கிறது. அதன் பட்டியலில் இடம்பெறும் ‘குலம்’ இன்று ஏற்கத்தக்கதன்று. முந்தைய பகுதியில் சுட்டிய அளவுகோற் பழுது இங்கும் உள்ளது. அதனை நீக்கிப் பார்த்தால், ஆசிரியப் பணிக்கு அறிவு மட்டும் போதாது, மாணவர்பால் அருளும் நடுநிலையும் வேண்டும் என்ற கோட்பாடு எஞ்சுகிறது. அக்கோட்பாட்டின் காரணமும் தெளிவு. ஆசிரியரிடம் மாணவர் தம்மை ஒப்படைக்கின்றனர்.

இவ்விரு நூற்பகுதிகளையும் இணைத்து நோக்கினால் இன்றைய சிக்கலின் மையம் புலப்படும். கருநாடக இசையில் அரங்கக் கலைஞரும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒருவரே. குருவின் இல்லம் பணியிடம், கல்வி நிறுவனம் என்னும் சட்ட வரையறைகளுக்குள் எளிதில் அடங்காதது. மாணவியின் அரங்கேற்றம், பக்கவாத்திய வாய்ப்பு, சபா அறிமுகம் ஆகியவை குருவின் சொல்லைச் சார்ந்துள்ளன. மறுத்தவர் இழப்பது ஒரு வேலையை மட்டுமன்று. பல்லாண்டுப் பயிற்சியையும் தம் பாணியின் உறவையும் இழக்கிறார். அரங்கத் தகுதியைக் காட்டி ஆசிரியத் தகுதியின் குறையை மறைப்பதே ‘அவர் பெரிய வித்துவான், அதை விட்டுவிடுங்கள்’ என்னும் வழக்கமான சமாதானம். அரங்கேற்றுகாதையின் அளவுகோலை நன்னூலின் அளவுகோலுக்குரிய இடத்தில் வைக்கும் பிழை இது. ஒருவரின் இசை, தீங்கின் கருவியாக அமைந்ததா என்ற கேள்வி இங்கு இன்றியமையாததாகிறது. தொழிலோடு தொடர்பற்ற குற்றத்தில், அரங்கை மறுப்பது கூடுதல் தண்டனையாகலாம். அரங்கின் பெருமையே மாணவரை வசப்படுத்தும் கருவியானபோது, அரங்கை மறுப்பது அக்கருவியை விலக்குவதாகும்.

5. கேட்டல், பகிர்தல், போற்றுதல்

‘அவருடைய இசையைக் கேட்கலாமா?’ என்ற வினா மூன்று செயல்களை ஒன்றாகக் கலக்கிறது. அவற்றைப் பிரித்தறிவது இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டல் தனிச்செயல். ஒருவர் தம் வீட்டில் ஏற்கனவே வாங்கிய இசைத்தட்டைக் கேட்பதால் புதிய தீங்கு எதுவும் விளைவதில்லை. அப்பாடலோடு அவருடைய இளமையும் தாயின் நினைவும் பிணைந்திருக்கக்கூடும். அதனைத் துறக்கச் சொல்லும் உரிமை பிறருக்கு இல்லை. அவரே கேட்க இயலாமல் போனால் அது அவரது இழப்பு; அவ்விழப்பையும் கலைஞரின் செயலே உண்டாக்கியது.

பகிர்தல் பொதுச்செயல். ஒரு பாடலைப் பிறர்முன் வைப்பவர் தம் நன்மதிப்பையும் அதனோடு சேர்த்து வைக்கிறார். கேட்போர் கூட்டத்தில் தீங்குற்றவரும் இருக்கலாம். அவர் முன்னிலையில் எவ்விதக் குறிப்புமின்றி அக்குரலைக் கொண்டாடுவது, அவர் சொன்னதைக் கேளாதது போன்றதே. ஆகவே பகிர்வோர் அறிந்ததை மறைக்காமல் பகிர்தல் நன்று. வகுப்பறைக்கும் இது பொருந்தும். ஒரு கீர்த்தனைக்குச் சான்றாக எந்த ஒலிப்பதிவைத் தேர்வது என்பது ஆசிரியர் செய்யும் பகிர்வே.

போற்றுதல் நிறுவனச்செயல். விருது, மேடை, பட்டம் ஆகியவை அதிகாரத்தை வழங்குகின்றன. உயிரோடிருப்பவர்மீது நம்பத்தக்க சாட்சியம் உள்ளபோது விசாரணை முடியுமுன் போற்றுதலைத் தொடர்வது நடுநிலையாகாது. அது ஒரு பக்கம் சார்தலாகும். இசை ஓடை நிறுவனங்கள் செய்யும் பரிந்துரையும் இவ்வகையினதே. 2018 மே மாதத்தில் ஸ்பாட்டிஃபை நிறுவனம் கெல்லியின் பாடல்களைத் தன் பரிந்துரைப் பட்டியல்களிலிருந்து நீக்கியது. பாடல்களைத் தளத்திலிருந்து நீக்கவில்லை. கேட்டலையும் போற்றுதலையும் பிரிக்கும் முயற்சி என்ற அளவில் அது கருதத்தக்கது. ஆயினும் யார் எந்தச் சாட்சியத்தின்மேல் தீர்மானிக்கிறார் என்னும் வினாவுக்கு விடையில்லாததால் சில வாரங்களிலேயே அக்கொள்கை கைவிடப்பட்டது. பாகுபாடு சரியாக இருந்தும் விசாரணை முறை இல்லாமையால் அது நிலைக்கவில்லை.

இறந்தோர் குறித்த நிலையை வாக்னர் விளக்குகிறார். 1850இல் புனைபெயரிலும் 1869இல் தம் பெயரிலும் யூதர்க்கு எதிரான கட்டுரையை வெளியிட்டவர் அவர். 1938 நவம்பரில் செருமனியில் யூதர்மீது நடந்த வன்முறையை அடுத்து, பின்னாளில் இசுரேல் பில்ஹார்மோனிக் எனப் பெயர்பெற்ற இசைக்குழு அவர் இசையை நிகழ்ச்சியிலிருந்து நீக்கியது. அத்தவிர்ப்பு வழக்கமாகத் தொடர்ந்தது. 2001 ஜூலையில் எருசலேமில் டேனியல் பேரன்பாய்ம், நிகழ்ச்சி முடிந்தபின், வாக்னரை இசைக்கலாமா என அவையினரையே கேட்டார். அரைமணிக்கு மேற்படாத அளவில் கடும் வாதம் நிகழ்ந்தது. சிலர் வெளியேறினர்; பலர் அமர்ந்து கேட்டனர். வாக்னருக்குத் தண்டனையோ வருவாயோ இனி இல்லை. ஆனால் அவ்விசையோடு தம் குடும்பத்தாரின் அழிவு பிணைந்திருந்தவர்கள் அவையில் இருந்தனர். அங்கு எடைபோடப்பட்டது வாக்னரின் குற்றமன்று. உயிரோடிருந்த கேட்போரின் துயரம். இறந்தவரைப் பற்றிய தீர்ப்பும் வாழ்வோரின் பொருட்டே அமைகிறது.

முடிவுரை

‘ஹரிதாஸ்’ காலத்து ரசிகர் நீதிமன்றத்தைப் பின்பற்றவில்லை. தண்டனையின்போது கேட்டனர், விடுதலைக்குப் பின் முன்போல் கேட்கவில்லை. அதற்குத் திரைப்பட மாற்றம் ஒரு காரணம். பக்தி மரபின் செவியால் அக்குரலைக் கேட்டமை மற்றொன்று. அதே வழக்கிலிருந்து மீண்ட என்.எஸ்.கிருஷ்ணனின் வெற்றி இரண்டாவது காரணத்தைக் கருதத் தூண்டுகிறது. பாடலிலிருந்து பாடியவரின் நடத்தையை ஊகிப்பது பிழை எனக் கானல்வரி காட்டுகிறது. இனிய குரலிலிருந்து நற்குணத்தை ஊகிப்பதும் அதே பிழையின் மறுபக்கம். ஒரு மாணவி தம் குருவைப் பற்றிக் கூறுவதை நம்ப மறுக்கும் ரசிகர் பலர், ‘இப்படிப் பாடுபவரா அப்படிச் செய்வார்?’ என்றே கேட்கின்றனர். கோவலன் மாதவியின் பாடலால் அவளைப் பழித்தான்; இவர்கள் குருவின் பாடலால் அவரை விடுவிக்கின்றனர். இருசாராரும் சாட்சியத்தைக் கேட்கவில்லை.

பாகவதருக்கு விதிக்கப்பட்ட தண்டனை பிழையென நீதிமன்றமே பின்னர்க் கண்டது. அவசரத் தீர்ப்பின் விலையை அவ்வரலாறு நினைவூட்டுகிறது. அதனை எல்லாக் கலைஞருக்கும் கேடயமாக்குவது அவ்வரலாற்றுக்கே அநீதி. அவரை விடுவித்தது அவர் குரலின் இனிமையன்று. சாட்சியத்தை மீண்டும் எடைபோட்ட செயல். தமிழ் இசையுலகம் தன் சபாக்களிலும் கல்லூரி இசைத்துறைகளிலும் உருவாக்க வேண்டியது அத்தகைய எடைபோடும் முறையையே. அதுவரை ரசிகரும் ஆய்வாளரும் தம் செவியின் விருப்பத்தைத் தீர்ப்பு எனக் கொள்ளாதிருத்தல் கடன்.